தட்டான் தாழப் பறந்தால் குடை எடுக்கலாமா? பழமொழியை வைத்து மழை பார்க்க ஒரு முழு வழிகாட்டி

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் அப்பத்தா அவித்த நெல்லைத் தெருவில் பாய் விரித்துக் காயப்போடும். புரட்டாசி மாதச் சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்த எங்களுக்கு, அந்த நெல்லைக் கோழி கொத்தாமல் பார்த்துக்கொள்கிற வேலை. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் அப்பத்தா திடீரென்று நிமிரும். இடுப்பு உயரத்தில் தட்டான்கள் சுற்றிக்கொண்டிருக்கும். "டேய், தட்டான் தரையைத் தடவுது. நெல்லை அள்ளுங்கடா" என்று சத்தம் போடும். மேகம் இருக்கிறதா என்றுகூட அண்ணாந்து பார்க்காது.

அள்ளி முடிப்போம். சில நாள் கொட்டும். பல நாள் ஒரு சொட்டு விழாது. "என்ன அப்பத்தா, பொய்யாப் போச்சே" என்று கேட்டால், "நனைஞ்சா ஒரு மூட்டை நெல்லு போச்சு. அள்ளுனதுல என்னடா போச்சு, அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டு உரலை மறுபடி தட்டத் தொடங்கும்.

மழைப் பழமொழி எதற்காகப் பிறந்தது என்பது அந்த பதிலிலேயே இருக்கிறது. அறுத்ததை, காயவைத்ததை, விதைத்ததைக் காப்பாற்ற எழுந்த எச்சரிக்கை அது. பத்து தடவை சொல்லி ஐந்து தடவை பலித்தால்கூட அப்பத்தாவுக்கு லாபம்தான். ஆகவே பழமொழி மழையைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லும். இதை மனதில் வைத்துக்கொண்டால், "எல்லாம் மூடநம்பிக்கை" என்று தள்ளவும் வேண்டாம், "முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். எந்தச் சொல்லை எங்கே, எப்போது, எவ்வளவு நம்பலாம் என்று நாமே பார்த்துவிடலாம்.

தேவையானவை: ஒரு நோட்டு, தமிழ்த் தேதி போட்ட நாள்காட்டி, வானம் நாலு பக்கமும் தெரிகிற மொட்டைமாடி, நேராகச் செங்குத்தான பக்கங்கள் உள்ள ஒரு பாத்திரம். அவ்வளவுதான்.

முதல் படி: உங்கள் ஊருக்கு மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பழமொழியைத் தொடவே வேண்டாம். பாதிப் பழமொழிகள் தப்பாகப் போவதற்குக் காரணம், ஓர் ஊரில் பிறந்ததை இன்னோர் ஊரில் வைத்துப் பார்ப்பதுதான்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அந்த மூன்று மாதமும் மேகம் வங்கக் கடலிலிருந்து, கிழக்கிலிருந்து வரும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. நீலகிரி, வால்பாறை, செங்கோட்டை, கன்னியாகுமரிப் பக்கங்களுக்கு அந்தக் காற்றில் நல்ல மழை. மலைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் காற்று. நடுநடுவே சாயங்கால இடிமழை உண்டு. உள் மாவட்டங்களில் கிளம்பிக் கிழக்கே கடலைப் பார்த்து நகரும். சென்னைக்காரர்கள் ஆகஸ்ட் மாத இரவில் பார்ப்பது இதைத்தான்.

ஆக, ஒரே ஊரிலேயே கோடையில் மழை மேற்கிலிருந்து வரும், ஐப்பசியில் கிழக்கிலிருந்து வரும். இப்போது வானவில்லை எடுத்துக்கொள்ளுங்கள். வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் தோன்றும். சாயங்கால வில் கிழக்கே தெரியும், அதாவது மழை கிழக்கே பெய்துகொண்டிருக்கிறது. ஆகஸ்டில் என்றால் அது உங்களைத் தாண்டிப் போய்விட்ட மழை, துணியைக் காயப்போடலாம். நவம்பரில் அதே வில் அதே இடத்தில் தெரிந்தால், வரப்போகிற மழை, துணியை எடுத்துவிடலாம்.

செவ்வானமும் இப்படித்தான். மாலை சிவந்தால் நல்ல வானிலை, காலை சிவந்தால் மழை என்று பள்ளிப் புத்தக வாசனையோடு ஒரு விதி சுற்றுகிறது. அது ஐரோப்பிய மாலுமிகளின் விதி. அவர்களுக்கு வானிலை மேற்கிலிருந்து வருகிறது. மாலையில் மேற்கு சிவந்திருந்தால் அங்கே மேகம் மறைக்கவில்லை என்று பொருள். ஆகவே நாளைக்குத் தெளிவு. ஐப்பசி மாதத் தஞ்சாவூரில் மேற்கு தெளிவாக இருந்து என்ன பயன்? வருவது கிழக்கிலிருந்தல்லவா! எங்கள் வீட்டிலேயே இதில் இரண்டு கட்சி. அந்தி சிவந்தால் மழை என்பது அப்பத்தா கட்சி, சிவந்தால் மழை ஓடிப்போகும் என்பது அம்மா கட்சி. இரண்டு பேருமே மாதத்தைச் சேர்த்துச் சொல்லாததால் சண்டை தீரவில்லை. நான் செவ்வானத்தை என் நோட்டிலிருந்தே எடுத்துவிட்டேன்.

காற்றுக்குப் பேர் வைத்திருக்கிறவர்களிடம் இந்தக் குழப்பம் கிடையாது. கடற்கரையில் வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், தெற்கே இருந்து வந்தால் சோழகம், மேற்கே இருந்து வந்தால் கச்சான். கொண்டல் என்ற சொல்லுக்கு மேகம் என்றும் பொருள் இருப்பது சும்மா இல்லை.

இரண்டாம் படி: மாதப் பழமொழிகளை உங்கள் மாவட்டத்துக்கு ஏற்றபடி திருத்துங்கள்

மாதத்தைச் சொல்கிற பழமொழிகள்தான் இருப்பதிலேயே உறுதியானவை. அவை பல தலைமுறைச் சராசரி. நாளைக்கு மழையா என்று கேட்டால் அவை சொல்லாது. இந்த மாதத்தில் எதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லும்.

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்." ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் நெருக்கியடித்துப் புகுந்து வருகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி மூன்றும் அப்படிப்பட்ட வாசல்கள். முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டுவைத்தது பழமொழியைப் படித்துவிட்டு அல்லதான், ஆனால் படித்திருந்தாலும் அங்கேதான் நட்டிருப்பார்கள்.

"ஆடிப்பட்டம் தேடி விதை." இதை எல்லா ஊருக்கும் பொதுவிதி என்று நினைப்பது பெரிய தவறு. மேற்கு மாவட்டங்களில் மானாவாரி நிலக்கடலைக்கும் சோளத்துக்கும் ஆடிப்பட்டம் சரி. ஆவணி, புரட்டாசி இடிமழையைப் பிடித்துப் பயிர் எழுந்துவிடும். எங்கள் பக்கமும் இராமநாதபுரத்திலும் மானாவாரி நெல்லைப் புரட்டாசியில்தான் புழுதியில் விதைப்பார்கள். ஆடியில் விதைத்தால் முளைத்ததை வெயில் தின்றுவிடும். கோவில்பட்டிக் கரிசலிலும் புரட்டாசிப் பட்டம்தான் பேச்சு. பழமொழி பொய் இல்லை, முகவரி வேறு.

"புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்." மழைப் பழமொழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. மேற்குக் காற்று அடங்கத் தொடங்கும் நேரம். பகலில் நிலம் நன்றாகச் சூடேறும், ஈரக் காற்று மேலெழும், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இடித்துக் கொட்டும். ஒரே நாளில் இரண்டும் நடக்கும் என்பதை இத்தனை சுருக்கமாக எந்த வானிலை அறிக்கையும் சொன்னதில்லை. இந்த மாதத்தில் காலை வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளியே காயவைக்கிற எதையும் மூன்று மணிக்குள் எடுத்துவிடுங்கள்.

"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை." வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கான வழக்கமான தேதியாக வானிலைத் துறை வைத்திருப்பது அக்டோபர் 20. தமிழ்த் தேதியில் அது ஐப்பசி பிறந்து மூன்றாம் நான்காம் நாள். அடைமழை என்றால் விடாமல் அடைத்துப் பெய்வது. கனமழை என்றால் ஒரேயடியாகக் கொட்டுவது. வித்தியாசத்தைக் கவனியுங்கள். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அது கார்த்திகை 15.

"கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை." சராசரிக்குச் சரி. ஆனால் இதை நம்பி அசந்துவிடக் கூடாது என்பதற்கு என்னிடம் ஓர் உதாரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்." இது மழைக்கு உதவாது, கம்பளிக்கு உதவும்.

மூன்றாம் படி: காலையில் பார்க்க வேண்டியவை

எழுந்ததும் புல்லைப் பாருங்கள். "பனி பெய்தால் மழை இல்லை, பழம் இருந்தால் பூ இல்லை" என்பார்கள். மேகமில்லாத இரவில் தரையின் சூடு தடையின்றி வானத்துக்குப் போய்விடுகிறது; புல் குளிர்ந்து, அதன்மேல் காற்றின் ஈரம் படிகிறது. மேகம் போர்வையாக இருந்தாலோ காற்று வேகமாக வீசினாலோ பனி இறங்காது. ஆகவே மார்கழி, தை மாதங்களில் புல் நனைந்திருந்தால் அன்றைய பகல் பெரும்பாலும் வெயில். அந்த மாதங்களில் திடீரென்று ஒரு காலை பனி இல்லாமல், கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால்தான் கவனிக்க வேண்டும். மேலே மேகம் வந்துவிட்டது.

அடுத்து காற்று. கோயில் கொடியையோ தென்னை ஓலையையோ பாருங்கள். இதற்குப் பழமொழி இல்லை, ஆனால் பழமொழிக்குச் சமமான ஒரு சுலப விதி இருக்கிறது. பைஸ் பாலட் என்ற டச்சு வானிலையாளர் 1857ல் சொன்னது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். காற்றழுத்தத் தாழ்வு அந்தக் கைப்பக்கம் இருக்கும். நாகப்பட்டினத்தில் நவம்பர் மாதம் வாடை பலமாக அடிக்கிறது என்று வையுங்கள். வடக்குக்கு முதுகு காட்டினால் முகம் தெற்கே, இடது கை கிழக்கே, அதாவது கடலில். வாடை வலுத்தால் ஏன் மீனவர் கடலைப் பார்த்து யோசிக்கிறார்கள் என்று இப்போது புரியும். பக்கத்துச் சுவர், சந்துகளில் திரும்பி வருகிற காற்றை வைத்து இதைச் செய்யாதீர்கள், மாடிக்குப் போங்கள்.

அப்புறம் சமையலறை. கல்லுப்பு ஜாடி கசிந்தால் மழை என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் மெக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னாலேயே கசியும். மதுரை, திருச்சி போன்ற, கடலிலிருந்து தள்ளியிருக்கிற ஊர்களுக்கு இது நல்ல அடையாளம். தூத்துக்குடியிலோ சென்னைக் கடற்கரைப் பக்கமோ ஜாடி பாதி வருடம் ஈரமாகத்தான் இருக்கும். அங்கே உப்பைக் கேட்டுப் பயனில்லை. தவில், பறை அடிக்கிறவர்கள் தோல் தொய்ந்துவிட்டது என்று நெருப்பில் காட்டுகிறார்களா? அதுவும் இதே கணக்கு.

நான்காம் படி: அந்தியில் பூச்சிகளைப் பாருங்கள்

இங்கேதான் பழமொழிகள் கொட்டிக்கிடக்கின்றன. இங்கேதான் ஏமாற்றமும் அதிகம்.

"தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்." முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்தத் "தப்பாமல்" மோனைக்காக வந்து உட்கார்ந்த சொல். தட்டான், தாழ, தப்பாமல் என்று ஓசை கூடிவிட்டது, உத்தரவாதமும் கூடவே வந்துவிட்டது. காற்றில் ஈரம் கூடும்போது சிறு பூச்சிகள் தாழ இறங்குகின்றன, அவற்றைப் பிடிக்கத் தட்டானும் இறங்குகிறது என்பது வழக்கமாகச் சொல்கிற விளக்கம். ஆனால் சாயங்காலம் கொசு மொய்க்கிற எந்த இடத்திலும் தட்டான் தாழத்தான் பறக்கும். இதைவிட எனக்குச் சுவையாகப் படுவது வேறு விஷயம். நாம் கூட்டம் கூட்டமாகப் பார்க்கிற மஞ்சள் தட்டான், பன்டாலா ஃபிளாவெசென்ஸ் என்ற இனம், பெரிய பயணி. மாலத்தீவில் இருந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டி மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே போகின்றன என்று 2009ல் எழுதினார். மழைப்பட்டையோடும் அதன் காற்றோடும் சேர்ந்து நகர்கிற பூச்சி இது. ஆகவே புரட்டாசிக் கடைசியில் தட்டான் கூட்டம் திடீரென்று பெருகினால், "பருவம் மாறுகிறது" என்று எழுதிக்கொள்ளுங்கள். "இன்று ராத்திரி மழை" என்பதற்கு அரை மதிப்பெண்தான்.

"எறும்பு முட்டைகொண்டு திட்டை ஏறினால் மழை." பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாயில் அரிசி நொய் மாதிரி வெள்ளையாகத் தூக்கிப் போவது பெரும்பாலும் முட்டை இல்லை, புழுவும் கூட்டுப்புழுவும். உண்மையான முட்டை கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடி. நிலத்தடியில் ஈரம் ஏறினால் இவற்றை மேட்டுக்கு மாற்றுவது உண்டு. ஆனால் வாசல் தெளித்த தண்ணீர் புற்றுக்குள் போனாலும் மாற்றும், பக்கத்துக் கூட்டத்தோடு சண்டை வந்தாலும் மாற்றும். எனவே ஒரு வரிசையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தோட்டத்தில் தள்ளித் தள்ளி மூன்று இடங்களில் பாருங்கள். மூன்றிலும் குடிபெயர்ச்சி என்றால் நோட்டில் எழுதுங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அது அந்த வீட்டுப் பிரச்சினை.

"அந்தி ஈசல் அடைமழைக்கு அறிகுறி." நான் அதிகமாக நம்புவது இதைத்தான். கறையான் புற்றிலிருந்து சிறகு முளைத்த ஈசல் கிளம்ப வேண்டுமென்றால், மண் முதலில் நனைந்திருக்க வேண்டும். காற்று அடங்கி, ஈரம் ததும்ப வேண்டும். இணை சேர்ந்து புது மண்ணுக்குள் புக நனைந்த நிலம் வேண்டுமே! எனவே ஈசல் பெரும்பாலும் ஒரு மழைக்குப் பின்னால்தான் வருகிறது. அது புது மழையை அறிவிக்கிறது என்பதைவிட, தொடங்கிய மழை இன்னும் முடியவில்லை என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பழமொழியில் "மழை" என்று சொல்லாமல் "அடைமழை" என்று சொன்னதைக் கவனித்தால், சொன்னவர் நன்றாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் அரிக்கேன் விளக்குக்குக் கீழே அகலமான சட்டியில் தண்ணீர் வைத்துவிடுவோம். வெளிச்சத்துக்கு வந்து விழும். சிறகைப் புடைத்து, வறுத்து, பொரியோடு கலந்து அப்பத்தா கொடுக்கும். அந்த ருசிக்காகவே ஈசல் வரும் நாளைக் கணித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. தவளை கத்தினால் மழை: பெரும்பாலும் மழை பெய்து குட்டை நிறைந்த பிறகு ஆண் தவளை பெண்ணைக் கூப்பிடுகிறது, அது முன்னறிவிப்பு இல்லை, நேற்றைய செய்தி. குருவி மண்ணில் புரண்டால் மழை: சிறகைச் சுத்தம் செய்ய வெயில் நாளிலும் புரளும். மயில் அகவினால் மழை: மழைக்காலம் அதன் இணைசேரும் காலம் என்பதால் வந்தது, இப்போது வயலெல்லாம் மயில், எந்நேரமும் அகவுகிறது. வெயிலோடு மழை பெய்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்பதைச் சோதிக்க என்னால் முடியவில்லை, அழைப்பிதழ் வரவில்லை.

ஐந்தாம் படி: இரவில் நிலாவை அளந்து பாருங்கள்

"எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை." நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கிறது என்று சொல்வார்களே, அதற்கான விதி. சோதிக்க எளிது, காரணமும் தெளிவு.

நிலாவைச் சுற்றி வட்டம் தெரிகிற இரவில் கையை முழுதாக நீட்டி, விரல்களை விரியுங்கள். கட்டைவிரல் நுனியை நிலாமேல் வையுங்கள். சுண்டுவிரல் நுனி போய் வட்டத்தைத் தொட்டால் அது எட்ட வட்டம். கையை நீட்டினால் ஒரு சாண் வானத்தில் ஏறக்குறைய 20 பாகை. எட்ட வட்டத்தின் ஆரம் 22 பாகை. சிறு பிள்ளைக்கும் பெரியவருக்கும் கையும் சாணும் சேர்ந்தே வளர்வதால் அளவு அதிகம் மாறாது. நிலாவை ஒட்டி, நீட்டிய கையின் இரண்டு மூன்று விரல் அகலத்துக்குள் மஞ்சளும் பழுப்புமாக ஒரு தட்டு தெரிந்தால் அது கிட்ட வட்டம்.

இரண்டும் வேறு வேறு மேகத்தில் பிறக்கின்றன. எட்ட வட்டத்தை உண்டாக்குவது, மிக உயரத்தில் மெல்லிய துணி விரித்தாற்போல இருக்கும் மேகத்தின் பனித் துகள்கள். கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகும்போது அதன் உச்சியிலிருந்து இந்த மெல்லிய மேகம் வெகுதூரத்துக்கு முன்னால் பரவி வரும். மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே நம் தலைக்கு மேல் அது வந்துவிடலாம். கிட்ட வட்டம் தாழ்வான, மெல்லிய நீர்த்துளி மேகத்தில் ஒளி சிதறுவதால் வருவது. நல்ல வானிலையிலும் சாதாரணமாக வரும். ஆக, பழமொழி சொன்ன வேறுபாடு சரிதான். ஐப்பசி, கார்த்திகையில் எட்ட வட்டம் தெரிந்து, மறுநாள் காலை வட்டமும் நிலாவும் சேர்ந்து மங்குகிற அளவுக்கு மேகம் தடித்தால், நான் மாடியில் எதையும் விட்டுவைக்க மாட்டேன். சித்திரையில் தெரிந்தால் எங்கோ அடித்த இடிமழையின் மிச்சமாகவும் இருக்கலாம்; அவ்வளவு நம்ப வேண்டாம்.

அப்புறம் மின்னல். ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில் மின்னினால் மழை என்பது பருவமழை நாட்களில் பொருத்தமே, மழை வருகிற திசை அதுதானே. இன்னும் நுட்பமாக முக்கூடற்பள்ளு சொல்கிறது: நாளைக்கு ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்கு அடையாளமாக மலையாள மின்னலும் ஈழ மின்னலும் சூழ மின்னுகின்றன என்று. தாமிரபரணிக் கரையில் நின்று பார்த்தால் மலையாள மின்னல் மேற்கே, ஈழ மின்னல் கிழக்கே. இரண்டு பருவத்திலும் நீர் வருகிற ஆறு அது. இரண்டு திசையையும் எண்ணிப் பார்த்துச் சொன்ன சொல்.

இரவில் மின்னல் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரியும், சத்தம் கேட்காது. சத்தம் கேட்டால் எண்ணத் தொடங்குங்கள். மின்னிய கணத்திலிருந்து இடி வரை மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடித்தால் உள்ளே போய்விடுங்கள்; கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம். புளியமரம், பனைமரம் அடியில் ஒதுங்கவே கூடாது.

ஆறாம் படி: வருடக் கணக்குச் சொல்கிறவற்றைத் தனிப் பக்கத்தில் வையுங்கள்

மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் சுமார் 14 நாட்களைக் கர்ப்போட்டம் என்பார்கள். ஏறத்தாழ டிசம்பர் 28லிருந்து ஜனவரி 10 வரை. மேகம் அப்போது கருக்கொள்கிறது, எந்த நாளில் மேகமும் தூறலும் இருக்கிறதோ அதற்கேற்ற மாதத்தில் அடுத்த ஆண்டு மழை என்பது கணக்கு. மேகம் கருத்தரிக்கிற எண்ணம் மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினியில் இருந்த வராகமிகிரர், கரு உண்டாகி 195 நாளில் மழை பிறக்கும் என்று பிருகத் சம்ஹிதையில் எழுதியிருக்கிறார். டிசம்பர் 28லிருந்து 195 நாள் எண்ணினால் ஜூலை 11. உஜ்ஜயினிக்கு அது நடு மழைக்காலம். எங்கள் ஊருக்கு அது புழுதிக்காலம்! வேண்டுமானால் 14 நாளையும் எழுதி வையுங்கள், சுவாரசியமான வேலை. ஆனால் அதை நம்பி விதை வாங்காதீர்கள்.

வெள்ளி தெற்கே போனால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கை சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. பட்டினப்பாலையின் தொடக்கம் அதுதான். ஆனால் வெள்ளியின் ஓட்டத்துக்கும் நம் மேகத்துக்கும் தொடர்பு கிடையாது. பஞ்சாங்கத்தில் இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை என்று போடுவதையும் அதே பக்கத்தில் எழுதி மூடிவிடலாம்.

ஏழாம் படி: நோட்டில் மதிப்பெண் போடுங்கள்

இதைச் செய்யாவிட்டால் மற்ற ஆறும் வெறும் அரட்டை. பலித்த நாள் நினைவில் நிற்கும், பலிக்காத நாள் மறந்துபோகும். அதனால்தான் எல்லாப் பழமொழியும் உண்மை மாதிரியே தெரிகிறது.

முதலில் மழையை அளக்கப் பழகுங்கள். அப்பத்தாவுக்கு முற்றத்து ஆட்டுக்கல் குழிதான் அளவு. நிரம்பி வழிந்தால் ஓர் உழவு மழை என்று சொல்லும். குழி வளைவாக இருப்பதால் அதை மில்லிமீட்டராக்க முடியாது. நீங்கள் செங்குத்தான பக்கமும் தட்டையான அடியும் உள்ள பாத்திரத்தை, மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், காற்றில் சாயாமல் வையுங்கள். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளக்கிறது. நீங்களும் அப்போதே அளவுகோலால் அளந்தால் ஒப்பிட வசதி. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர்.

பிறகு ஒரே ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். தட்டான் என்று வைப்போம். தினமும் மாலை தாழப் பறந்ததா இல்லையா, மறுநாள் 8.30க்குள் மழை பெய்ததா இல்லையா, இரண்டே கேள்வி. பேச்சுக்கு 60 நாள் பார்த்தீர்கள். தாழப் பறந்தது 30 நாள், அதில் 15 நாள் மழை. "பாதி பலித்தது, பரவாயில்லையே" என்று தோன்றும். பொறுங்கள். பறக்காத 30 நாளில் எத்தனை நாள் மழை? அதிலும் 15 என்றால் தட்டான் ஒன்றுமே சொல்லவில்லை. அதில் 5 மட்டும் என்றால் தட்டானுக்கு உண்மையிலேயே ஏதோ தெரிந்திருக்கிறது. பார்க்காமலேயே "நாளைக்கு மழை" என்று தினமும் சொல்பவர்கூட ஐப்பசியில் ஜோசியர் ஆகிவிடலாம். அவரைத் தோற்கடிக்கிற அடையாளம்தான் அடையாளம்.

நினைவிலிருந்து எழுதுவது வேண்டாம். நான் முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரத்துக்கும் சேர்த்து எழுதினேன். ஈசல் வந்ததெல்லாம் மழைக்கு முன்தினம் என்று என் கை தானாக எழுதியிருந்தது. அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினேன்.

எப்போது பழமொழியை ஓரமாக வைக்க வேண்டும்

பழமொழிக்கு வானம் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் எல்லை. செயற்கைக்கோள் கடலின் மறுகரை வரை பார்க்கிறது. எச்சரிக்கை வந்துவிட்டால் அதற்குத்தான் முதல் மரியாதை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6லிருந்து மிகக் கனமழை, 204.5க்கு மேல் அதிகனமழை என்பது வானிலைத் துறையின் கணக்கு. உங்கள் பாத்திரத்தில் இந்த மூன்று இடத்திலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். செய்தியில் சொல்லும் சொல் எவ்வளவு தண்ணீர் என்று கண்ணுக்குத் தெரியும். அதற்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான பாத்திரமாக வாங்க வேண்டும்.

முதலில் சொன்ன உதாரணம் இதோ. 2023 டிசம்பர் 16ஆம் தேதியோடு கார்த்திகை முடிந்தது. கர்ணனின் கொடை முடிந்தது என்று எங்கள் நோட்டுக்காரர்கள் நாலு பேரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். மார்கழி 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மிதந்தன. என் நோட்டில் கார்த்திகைப் பழமொழிக்கு எதிரே அன்று சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். பக்கத்தில் 95 செ.மீ. என்று எழுதிவிட்டு, கோடு போட்ட என் பாத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அதன் உயரம் 30 சென்டிமீட்டர்.